பச்சைக் கோப்பையில் ஒரு கீறல்

“ஒன்பது மாசம் ஆச்சும்மா. மனசு அடங்கவே மாட்டேங்குது.”

தணிகாசலம் இதைச் சொன்னபோது அங்காயி அம்மா சாம்பல் போட்டுச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எதுங்கய்யா அடங்கலை?”

“மனசுதாம்மா. அதைத்தானே இப்பச் சொன்னேன்!”

“சரிங்கய்யா.”

அவ்வளவுதான் பதில். சட்டியின் அடிப்பிடிப்பு போகவில்லை போலிருக்கிறது, அம்மா இன்னும் கொஞ்சம் சாம்பலை அள்ளிப் போட்டார்.

தணிகாசலம் பல்லைக் கடித்தார். அறுபத்தாறு வயது மனுஷர். சேலத்தில் நாற்பது வருஷம் ஏலக்கடை நடத்தியவர். அவர் சுத்தியலைத் தட்டினால் கூட்டம் மொத்தமும் வாயை மூடும். இங்கே ஒரு அலுமினியச் சட்டிக்கு இருக்கிற மரியாதைகூட அவருக்கு இல்லை.

அங்காயி அம்மாவுக்கு அவரைவிட இருபத்திரண்டு வயது குறைவு. ஏற்காட்டு மலையில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்தார். எழுந்திருக்க ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளில் என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, கேட்டவர்களும் விடை தெரிந்து திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஆட்கள் மலையேறி வர ஆரம்பித்தார்கள். பழைய காப்பிக் கொட்டகை ஒன்றில் அவரோடு தங்கினார்கள்.

அம்மா பிரசங்கம் செய்வதில்லை. நேரம் வந்துவிட்டது என்று தோன்றினால் கூப்பிட்டுக் காதில் ஒரு வார்த்தை சொல்வார். வாங்கிக்கொண்டவர்கள் தெளிந்த முகத்தோடு மலையிறங்கிப் போய்விடுவார்கள்.

அந்த முகத்துக்கு ஆசைப்பட்டுத்தான் தணிகாசலம் கடையையும் வீட்டையும் மகன் பேருக்கு எழுதிவைத்துவிட்டு, இரண்டே இரண்டு வேட்டியோடு வந்தார். விறகு சுமந்தார். கொட்டகை பெருக்கினார். கண்ணை மூடி உட்கார்ந்து முதுகு வலி வாங்கினார்.

போன வாரம் தயிர் விற்க வந்த ஒரு பெண், வந்த மூன்றாம் நாளே வார்த்தையை வாங்கிக்கொண்டு, தயிர்க்கூடையோடு இறங்கிப் போனாள். அன்றைக்குத் தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

“கண்ணை மூடினா என்னங்கய்யா தெரியுது?” அம்மா கேட்டார்.

“கோப்பை.”

இப்போது அம்மா நிமிர்ந்தார்.

“என்ன கோப்பை?”

“பச்சைக் கண்ணாடிக் கோப்பைம்மா. வெள்ளைக்காரத் துரைங்க ஒயின் குடிக்கிறது. இங்கிலாந்துல செஞ்சது. நூத்தி எண்பது வருஷத்துப் பழசு. மொத்தம் ஆறு.”

“எங்க இருக்கு?”

“பெட்டியில.”

“பெட்டி?”

தணிகாசலம் தொண்டையைச் செருமினார். “என் பாய்க்குப் பக்கத்துல.”

இரண்டு வேட்டியோடு வந்தேன் என்பது அவர் எல்லோரிடமும் சொல்லுகிற பேச்சு. பெட்டி அந்தப் பேச்சில் வராது.

இன்னொன்றையும் அவர் சொல்லவில்லை. கண்ணை மூடினால் கோப்பை தனியாகத் தெரிவதில்லை. ஒரு கை அதைப் பிடித்திருக்கும், வளையல் போட்ட கை. கை என்ன கை, கோப்பைதான் முக்கியம் என்று அவர் நினைத்தார்.

“ஒடைச்சுப் போட்டுடலாமா?”

“ஐயய்யோ!”

“இல்லை, கேட்டேன்,” என்று அம்மா சட்டிக்குத் திரும்பினார்.

*

மறுநாள் தணிகாசலம் ஒரு முடிவோடு வந்தார். பெட்டியைத் தூக்கிவந்து அம்மா முன்னால் வைத்துத் திறந்தார். நீலப் பட்டுத் துணியில் குழி குழியாக ஆறு இடம், ஆறிலும் ஆறு கோப்பை. வெற்றிலைப் பச்சை. விரிந்த வாய், ஒல்லியான கால், வட்டமான அடி.

“உங்களுக்கே குடுத்துட்டேம்மா. இதுதான் என்னைப் பிடிச்சு வச்சிருக்கு. எடுத்துக்குங்க.”

சொல்லும்போது குரல் நடுங்கியது. அதை அவர் பக்தி என்று நினைத்துக்கொண்டார்.

அம்மா ஒன்றை எடுத்தார். பானையிலிருந்து மோர் ஊற்றினார். நம் ஜனங்கள் எல்லோரும் குடிப்பதுபோல அண்ணாந்து, கோப்பையை உயரத் தூக்கிச் சாய்த்தார்.

வாய் விரிந்த கோப்பை. மோர் முகவாயில், கழுத்தில், சேலையில், எங்கெங்கோ போயிற்று. வாய்க்குள் போனது ஒரு மடக்கு இருக்கலாம்.

“என்ன எழவு ஏனமுங்கய்யா இது!”

“வாய் வச்சுக் குடிக்கணும்மா! இதை அண்ணாந்து குடிக்க முடியாது!” தணிகாசலம் கோப்பையைப் பத்திரமாக வாங்கிக்கொண்டார். கொடுத்துவிட்ட கோப்பை என்பது அந்த நேரம் ஞாபகம் இல்லை.

“எச்சில் பண்ணியா?”

“அவங்க வழக்கம் அது.”

“நீங்க அப்படிக் குடிச்சிருக்கீங்களா?”

“நானா? நான் இதுல குடிச்சதே இல்லையே.”

“எத்தனை வருசமா வச்சிருக்கீங்க?”

“முப்பத்தொண்ணு.”

“முப்பத்தொரு வருசமா இதுல ஒருத்தரும் ஒரு வாய்த் தண்ணி குடிக்கலை?”

“ஒரே ஒரு தடவை பாக்கியம் எடுத்தா.”

பாக்கியம் அவர் மனைவி. ஏற்காட்டில் ஒரு பழைய துரை பங்களாவின் சாமான்களை ஏலம் விட்டபோது, இந்தக் கோப்பைகளைத் தணிகாசலம் தானே எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த வாரம் பாக்கியத்தின் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். சித்திரை வெயில். பாக்கியம் அலமாரியைத் திறந்து ஒரு கோப்பையை எடுத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். தண்ணீரே பச்சையாய்த் தெரிகிறது என்று எல்லோரிடமும் காட்டிவிட்டு, உதட்டருகே கொண்டுபோனாள்.

“உன் கைக்கு இதெல்லாம் ஆகுமாடி? வை கீழே!” என்று தணிகாசலம் பாய்ந்து பிடுங்கினார். தண்ணீர் அவள் சேலையில் கொட்டியது. பாக்கியம் சிரித்தாள். விருந்தாளிகளுக்கு முன்னால் வேறென்ன செய்வாள்? உள்ளே போய் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“அப்புறம்?” என்றார் அம்மா.

“அப்புறம் என்ன? கோப்பை தப்பிச்சுது. அதுக்கப்புறம் அவ அந்த அலமாரி இருக்கற ரூமுக்கே போனதில்லை. பொறுப்பானவதான்.”

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வை தணிகாசலத்துக்குப் பிடிக்கவில்லை.

“பெட்டியை எடுத்துட்டுப் போங்கய்யா. எனக்கு வேண்டாம். சந்தையில விக்கிற டூப்ளிகேட்டு மாதிரி இருக்கு.”

*

இதைத்தான் தணிகாசலத்தால் தாங்க முடியவில்லை. பக்குவம் இல்லை என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பார். டூப்ளிகேட்!

“அம்மா, நீங்க ஞானியா இருக்கலாம். கண்ணாடியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாதுங்கய்யா. சொல்லுங்க.”

அவர் சொன்னார். ஒரு மணி நேரம் சொன்னார். ஒன்பது மாதம் மௌனம் பழகிய ஆள் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியைக் காட்டினார். நடுவில் ஒரு சொரசொரப்பான தழும்பு. கண்ணாடியை ஊதிச் செய்யும்போது அடியில் ஒட்டிப் பிடித்த இரும்புக் கம்பியை ஒடித்தெடுத்த இடம் அது. மெஷினில் செய்ததில் அது இருக்காது.

“இதைக்கூட இப்ப ஏமாத்திடறான். ஏமாத்த முடியாதது ஒண்ணு இருக்கு. இந்த விளிம்பைப் பாருங்க.”

வட்ட அடியின் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தார். மெல்லிய கீறல்கள் ஆயிரக்கணக்கில் தெரிந்தன.

“குடிச்சுட்டு மேசைமேல வைக்கிறான் பாருங்க, ஒவ்வொரு தடவை வைக்கிறப்பவும் ஒரு கீறல் விழும். எத்தனை விருந்து, எத்தனை கை! ஒண்ணு இந்தப் பக்கம் போகும், ஒண்ணு அந்தப் பக்கம் போகும். டூப்ளிகேட்டுக்காரன் உப்புத்தாளைப் போட்டுத் தேய்ப்பான். அவன் கீறலெல்லாம் ஒரே பக்கமா வரிசையா நிக்கும். என் கண்ணை எவனும் ஏமாத்தினதில்லை.”

அம்மா கோப்பையை வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். நிஜமாகவே ஆர்வம் வந்துவிட்டது.

“அப்ப இதோட பெருமையே கீறல்தான்?”

“ஆமாம்மா! கீறல் இல்லேன்னா இதுக்கு மதிப்பே இல்லை.”

“இது யாரோடது?”

“யாராவது துரையோடதா இருக்கும்.”

“இது ஆழமா இருக்கே?”

“கோபத்துல வச்சிருப்பான்.”

“உங்க கீறல் எதுங்கய்யா?”

“என்னோடதா? என்னோடது ஒண்ணுகூட இருக்காதும்மா. முப்பத்தொரு வருஷமாப் பட்டுத்துணியில வச்சிருக்கேன்.” தணிகாசலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார்.

அம்மா கோப்பையை அவர் கையில் கொடுத்தார்.

“அப்ப இது உங்களுது இல்லீங்க. உங்களுது இல்லாததை எனக்கு எப்படிக் குடுப்பீங்க? உங்க கீறல் ஒண்ணைக் காட்டுங்க, அன்னைக்கே வார்த்தை சொல்றேன்.”

சொல்லிவிட்டு விறகு பொறுக்கப் போய்விட்டார்.

*

தணிகாசலத்துக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாற்பது வருஷம் வியாபாரம் பண்ணினவனிடம் வந்து இது உன் பொருளே இல்லை என்கிறாள்! ரசீது இருக்கிறது, சாட்சி இருக்கிறது. மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் இறங்கிவிடலாம் என்று பாதி தூரம் போனார். தயிர்க்காரியின் முகம் ஞாபகம் வந்தது. திரும்பி வந்தார்.

ஒரு கீறல்தானே? இதென்ன பெரிய காரியம்?

கொட்டகைக்கு வெளியே தண்ணீர்க்குழாய். பக்கத்தில் மேசை உயரத்துக்கு ஒரு கருங்கல். கோப்பையில் தண்ணீர் பிடித்து ஒரு வாய் குடித்தார். ருசி ஒன்றும் தெரியவில்லை. கல்மேல் வைக்கக் குனிந்தார். கை இறங்க மறுத்தது. மூன்றாவது முயற்சியில், பூவை வைப்பதுபோல வைத்தார். திருப்பிப் பார்த்தார். புதிதாக எதுவும் இல்லை.

மறுபடி வைத்தார். மறுபடி. கடைசியில் பொறுமை போயிற்று. அடி விளிம்பைக் கல்லில் அழுத்திக் கொஞ்சம் இழுத்தார். இழுத்தது திருப்தியாக இல்லை, இன்னும் நாலைந்து முறை இழுத்தார். ஓடினார்.

“இந்தாங்கம்மா, என் கீறல்!”

அம்மா பார்க்கக்கூட இல்லை.

“எனக்கென்னங்க தெரியும்? கண்ணாடி தெரிஞ்சவரு நீங்க. நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

தணிகாசலம் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்தார்.

ஐந்து கீறல். ஒரே பக்கமாக, வரிசையாக, ஒழுங்காக நின்றன.

எவனாலும் ஏமாற்ற முடியாத அந்தக் கண் அதைப் பார்த்தது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“டூப்ளிகேட்,” என்றார்.

“ம்,” என்றார் அம்மா.

*

அடுத்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. பாக்கியம் வருகிற நாள்.

மாதம் தவறாமல் வருவாள். அவருடைய பிரஷர் மாத்திரையும் ஒரு பாட்டில் நாரத்தங்காய் ஊறுகாயும் பையில் இருக்கும். பையைக் கொடுப்பாள். மாத்திரையை மறக்காமல் போடுங்கள் என்பாள். குழாயில் கையை ஏந்தித் தண்ணீர் குடித்துவிட்டு, ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க இறங்கிவிடுவாள். கொட்டகையில் டம்ளர் இருக்கிறதே, ஏன் கையில் குடிக்கிறாள் என்று ஒன்பது மாதத்தில் தணிகாசலம் ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்றைக்கு அவர் குழாயடியில் உட்கார்ந்திருந்தார். கையில் அந்தப் பச்சைக் கோப்பை. எத்தனை முறை பார்த்தாலும் ஐந்து கீறலும் அப்படியே நின்றன. அம்மாவைத் திட்டினார், தயிர்க்காரியைத் திட்டினார், கோப்பை செய்த வெள்ளைக்காரனின் வம்சத்தையே திட்டினார்.

“ஏங்க.”

பாக்கியம் மேடேறி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டே, பையை வைக்கக் கல்லின் பக்கம் வந்தாள். வந்தவள் அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

சட்டென்று இரண்டடி பின்னால் போனாள்.

“நான் தொடலைங்க,” என்றாள்.

கேட்காமலே சொன்னாள். அவர் அதட்டி முப்பத்தொரு வருஷம் ஆகியிருந்தது.

தணிகாசலம் அவள் கையைப் பார்த்தார். அதே வளையல் போட்ட கை. ஒன்பது மாதமாகக் கண்ணை மூடும்போதெல்லாம் வந்து நின்ற கை.

எழுந்தார். குழாயைத் திறந்து கோப்பையை நிறைத்தார். நீட்டினார்.

“குடி.”

“வேண்டாங்க. நான் கையில குடிச்சுக்கறேன்.”

“இதுல குடி பாக்கியம்.”

“உடைஞ்சிடுங்க.”

“உடைஞ்சா உடையட்டும்! குடின்னா குடியேன்!”

“எதுக்கு இப்பச் சத்தம் போடறீங்க?”

சத்தம்தான் போட்டிருந்தார். அன்றைக்குப் போட்ட அதே சத்தம். அவருக்கே கேட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. நீட்டிய கோப்பையில் தண்ணீர் தளும்பியது.

“அன்னைக்கு நீ குடிக்கவே இல்லையே,” என்றார், சத்தத்தைக் குறைத்துக்கொண்டு. “நான்தான் பிடுங்கிட்டேன்.”

பாக்கியம் பையைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

“பச்சையாத்தான் தெரியுது,” என்றாள்.

வீட்டில் எந்நாளும் அண்ணாந்தே குடிக்கிறவள். அன்றைக்கு விளிம்பில் உதட்டை வைத்தாள். பாதி குடித்தாள். மூச்சு விடுவதற்காகக் கோப்பையைக் கல்மேல் வைத்தாள்.

டக்.

தணிகாசலத்தின் வலது கை பாய்ந்தது. இடது கை அதை மணிக்கட்டில் பிடித்து நிறுத்தியது.

பாக்கியம் இரண்டு கையையும் பார்த்தாள். அவர் முகத்தையும் பார்த்தாள். மறுபடி கோப்பையை எடுத்து மீதியைக் குடித்தாள். மறுபடி வைத்தாள். இந்தத் தடவை கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

டக்.

“இன்னும் கொஞ்சம் ஊத்துங்க,” என்றாள்.

தணிகாசலம் கோப்பையைக் குழாயடிக்குக் கொண்டுபோனார். வழியில் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் ஒல்லியாக விழுந்தது, நிறைய நேரம் பிடித்தது.

கொட்டகைக்குள்ளிருந்து அங்காயி அம்மாவின் குரல் வந்தது.

“தணிகாசலமய்யா! உள்ள வாங்க. வார்த்தையைச் சொல்லிடறேன்.”

தணிகாசலத்துக்குச் சுருக்கென்று எரிச்சல் வந்தது. ஒன்பது மாதம் இல்லாத அவசரம், இப்போதுதானா?

“கொஞ்சம் இருங்கம்மா!” என்று திரும்பாமலே கத்தினார். “இவ இன்னும் குடிச்சு முடிக்கலை.”